குழந்தை படுக்கும் கோணம்

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. வளர்ந்தவர்களுக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பெரிய தலையின் பின்மண்டை வெளியே புடைத்திருக்கும். அதைத் தாங்க வேண்டிய கழுத்துத் தசைகளில் இன்னும் வலு ஏறியிருக்காது. கழுத்து நிற்காத குழந்தை என்று வீடுகளில் சொல்வது இந்தப் பருவத்தைத்தான். இந்தக் குழந்தையைச் சாய்விருக்கையில் உட்காரவைத்தால், புடைத்த பின்மண்டை இருக்கையில் முட்டித் தலையை முன்னே தள்ளும். தூக்கத்தில் தசைகள் தளர்ந்ததும் மோவாய் மார்பில் போய்ப் படியும். கீழ்த்தாடையும் நாக்கும் பின்னுக்கு ஒதுங்கி மேல் மூச்சுப்பாதை குறுகும். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாயே நான்கைந்து மில்லிமீட்டர் விட்டம்தான். குழாய் வழியாகச் சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை, குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் 16 மடங்காகிவிடும். நமக்கு ஒரு பொருட்டே இல்லாத சிறு மடிப்பு குழந்தைக்குப் பெரிய அடைப்பாகிவிடுவது இதனால்தான். பெரிய பிள்ளை என்றால் தலையைத் திருப்பிக்கொள்ளும், அல்லது அழும். கழுத்து நிற்காத குழந்தையால் திரும்ப முடியாது. அழுவதற்கும் காற்று வேண்டும்.

குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அறிய வேண்டிய அறிவியல் இதுவே. கடையில் பேச்சு வேறு இடத்தில் தொடங்குகிறது: எடை எவ்வளவு, ஒரு கையால் மடிக்க முடியுமா, கார் டிக்கியில் அடங்குமா. டிராவல் சிஸ்டம் என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்பு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதிலாக வருகிறது. சக்கரங்களுள்ள ஒரு சட்டகம், அதன்மேல் மாட்டக்கூடிய இருக்கை, அதே சட்டகத்தில் வந்து பூட்டிக்கொள்ளும் குழந்தைக் கார் சீட், சிலவற்றில் கூடுதலாக ஒரு தட்டையான தொட்டில்பெட்டி. காரிலிருந்து கழற்றிச் சட்டகத்தில் மாட்டலாம், மறுபடி காரில் வைக்கலாம், குழந்தையின் தூக்கம் கலையவே கலையாது என்பதுதான் இதன் பெரிய வாக்குறுதி. அந்த வாக்குறுதியையே நாம் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தை எந்தக் கோணத்தில் கிடக்கிறது, அதன்பின் யார் முகத்தைப் பார்த்துப் போகிறது என்ற இரண்டு கேள்விகளும் முதலில் வர வேண்டும். மடிப்பும் எடையும் சக்கரமும் அவற்றுக்குப் பின்னால்தான்.

இந்த வரிசை எப்படித் தலைகீழானது என்பதற்குத் தள்ளுவண்டியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பிராம் என்ற வண்டி அடிப்படையில் ஒரு கட்டில்; குழந்தை அதில் படுத்தே போயிற்று. 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர், தொட்டில் பகுதியைத் திருப்பி வைக்கக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். தள்ளுபவர் விரும்பினால் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி போகலாம். கோணம், முகம் என்ற இரண்டு தேவைகளுக்கும் அப்போதே வழி இருந்தது. பிறகு காரும் பேருந்தும் விமானமும் வந்தன. கட்டில் அளவு வண்டி சுமையாயிற்று. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரச் சட்டகத்தை வடிவமைத்த ஓவன் மெக்லாரன், 1965-இல் குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டிக்குக் காப்புரிமை கோரினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. தாய்மார்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்த அரிய பொறியியல் அது. அந்தப் பெருமையைக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் மடங்குவதற்காக வண்டியின் படுக்கை துணி இருக்கையாக மாறியது. குழந்தை உட்கார்ந்தது, பெரும்பாலும் தள்ளுபவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கார் சீட்டைச் சட்டகத்தில் பூட்டும் டிராவல் சிஸ்டம் இந்தப் பாதையின் அடுத்த படி. ஒவ்வொரு படியிலும் பெரியவர்களின் பயணம் எளிதாயிற்று. குழந்தை கிடக்கும் நிலை மட்டும் யாரும் முடிவு செய்யாமலே மாறிப்போயிற்று.

கார் சீட்டின் சாய்வு மோதலைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. மோதும் நொடியில் விசையைக் குழந்தையின் முதுகு முழுவதும் பரப்ப வேண்டுமானால், குழந்தை பின்பக்கம் பார்த்தபடி ஓரளவு நிமிர்ந்து இருந்தாக வேண்டும். அந்தக் கோணம் மூச்சுக்கு ஏற்றதல்ல. பிரிட்டனில் நடந்த ஒரு சிறு ஆய்வில், நிறைமாதத்தில் பிறந்த 19 குழந்தைகளையும் குறைமாதத்தில் பிறந்த 21 குழந்தைகளையும் 40 டிகிரிச் சாய்விலிருந்த கார் சீட்டில் வைத்து, கார் ஓடுவது போன்ற அதிர்வையும் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் இருந்ததைவிட இதயத் துடிப்பும் மூச்சு வேகமும் கூடின. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய ஆய்வு 2019-இல் குழந்தை மருத்துவ இதழான பீடியாட்ரிக்ஸில் வெளியானது. 2004 முதல் 2014 வரை தூக்கத்தில் நேர்ந்த 11,779 குழந்தை மரணங்களை அது ஆராய்ந்தது. அவற்றில் 348 மரணங்கள் உட்காரும் சாதனங்களில் நிகழ்ந்தவை. அந்த 348-இல் 219 கார் சீட்டில். அந்த 219-இல் கார் சீட் உரிய முறையில் பயன்பட்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேர்வுகளில்தான். காருக்கு வெளியே, வீட்டுத் தரையிலும் வேறு இடங்களிலும், தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் விட்டுவைத்த இடமாகக் கார் சீட் மாறியிருந்தது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. 11,779-இல் 348 என்பது மூன்று சதவீதம்தான். கோடிக்கணக்கான குழந்தைகள் கார் சீட்டில் தூங்கி நலமாக எழுந்திருக்கிறார்கள். இப்படி எழுதினால் பெற்றோர் பயந்து கார் சீட்டையே ஒதுக்கிவிட மாட்டார்களா? இந்தக் கவலை சரியானது, அதனால் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும்: ஓடும் காரில் கார் சீட் உயிர் காக்கும் சாதனம். சரியாகப் பொருத்தினால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை விபத்தில் உயிரிழக்கும் வாய்ப்பை அது 71 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்ற நம் பழக்கம், மோதும் நொடியில் எந்தக் கையாலும் தாங்க முடியாத விசையின்முன் நிற்காது. இந்தியாவிலும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெல்ட்டோ குழந்தைக்கான காப்பிருக்கையோ கட்டாயம் என்கிறது. காரில் ஒரு பெரிய ஆபத்தைத் தடுப்பதற்காகச் சாய்வின் சிறிய ஆபத்தை ஏற்கிறோம். கார் நின்று, கார் சீட்டைக் கழற்றிச் சட்டகத்தில் மாட்டியதும் பெரிய ஆபத்து போய்விடுகிறது. சிறிய ஆபத்து மட்டும் குழந்தையோடு கூடவே வருகிறது. ஈடாக எதுவும் கிடைக்காதபோது அந்தச் சிறிய ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? மருத்துவமனை வாசலிலிருந்து டாக்டர் அறை வரை பத்து நிமிடம் தள்ளிப் போவதில் தவறில்லை. கடைத்தெருவில் மூன்று மணி நேரம் அதிலேயே தூங்கவைப்பது வேறு. பிரிட்டனில் பெற்றோருக்குச் சொல்லப்படும் பொது அறிவுரை, கார் சீட்டில் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது; பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அதனினும் குறைவு.

தரநிலை வகுத்தவர்களுக்கும் இது தெரியும். தள்ளுவண்டிகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1888, பிறந்த நாள் முதல் ஏற்றது என்று விற்கப்படும் இருக்கையின் முதுகுச் சாய்வுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே குறைந்தது 150 டிகிரி வேண்டும் என்கிறது. அந்த அளவுக்குச் சாயாத இருக்கையில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். சட்டகத்தில் பூட்டப்படும் கார் சீட் கட்டிலுக்கு மாற்றாகாது, குழந்தை தூங்க வேண்டுமானால் தொட்டில்பெட்டிக்கோ படுக்கைக்கோ மாற்ற வேண்டும் என்று விளக்கக் கையேட்டில் அச்சிடவும் அதே தரநிலை கட்டாயப்படுத்துகிறது. அட்டைப்பெட்டியின் மேல் தூக்கம் கலையாத பயணம். உள்ளே இருக்கும் கையேட்டில் தூங்கினால் மாற்றுங்கள். வாங்குபவர் நம்ப வேண்டியது கையேட்டைத்தான். ஆகவே டிராவல் சிஸ்டம் வாங்குவதானால், தட்டையான தொட்டில்பெட்டியோ முழுக்கத் தட்டையாகச் சாயும் இருக்கையோ அதில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் அது நல்ல தொகுப்பு. கார் சீட்டும் நிமிர்ந்த இருக்கையும் மட்டும் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்தாலும் முதல் ஆறு மாதங்களுக்கு அது அரைகுறைச் சாதனம். ஆறே மாதம் உதவும் பெட்டிக்கு இவ்வளவு பணமா என்று கேட்பவர்களுக்கும் வழி உண்டு: முழுச் சாய்வு உள்ள ஒரே இருக்கை பெட்டி, இருக்கை இரண்டின் வேலையையும் பார்க்கும். சற்றுப் பெரிதாகவும் கனமாகவும் இருக்கும். அது கொடுக்கத் தகுந்த விலைதான்.

குழந்தை தானாக உட்காரத் தொடங்கியதும் கோணத்தின் நெருக்கடி தளர்கிறது. இரண்டாவது கேள்வி முன்னே வருகிறது. டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சுசான் ஸீடிக் 2008-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதைப் பொதுப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. பிரிட்டன் தெருக்களில் 2,722 பெற்றோர்-குழந்தை இணைகளைப் பார்வையிட்டுக் குறித்தார்கள். 62 சதவீதக் குழந்தைகள் தள்ளுபவருக்கு முதுகு காட்டி அமர்ந்து போயினர். முகம் பார்த்து அமரும் வண்டியைத் தள்ளிய பெற்றோர், மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பேசிக்கொண்டு போனார்கள். அடுத்து 20 குழந்தைகளை வைத்து ஒரு சிறு சோதனை. ஒரு மைல் தூரத்தில் பாதியை முகம் பார்த்தும் பாதியை வெளியே பார்த்தும் தள்ளினார்கள். முகம் பார்த்துப் போகையில் இதயத் துடிப்பு சற்றுத் தணிந்தது, தூங்கிப்போகும் வாய்ப்பு இரட்டிப்பானது, பாதிக் குழந்தைகள் சிரித்தன. வெளியே பார்த்துப் போகையில் சிரித்தது ஒரே குழந்தை. குழந்தை மொழி கற்பது இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பேச்சு வார்த்தைகளில்தான். அது விரலை நீட்டும், நாம் பெயர் சொல்வோம். அது பயப்படும், நாம் முகத்தால் தைரியம் சொல்வோம். முகம் தெரியாவிட்டால் அந்தப் பரிமாற்றம் தொடங்கவே வாய்ப்பில்லை.

இருபது குழந்தைகளை வைத்து எதையும் நிறுவ முடியுமா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். தெருவில் குறித்த கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இயல்பாகவே குழந்தையோடு நிறையப் பேசுகிறவர்கள்தான் முகம் பார்க்கும் வண்டியைத் தேடி வாங்கியிருக்கலாம். அப்படியானால் பேச்சுக்குக் காரணம் வண்டியல்ல, மனிதர். ஆனால் சோதனையில் ஒரே தாய், ஒரே குழந்தை, மாறியது திசை மட்டுமே. அங்கும் வேறுபாடு தெரிந்தது. வெளியே பார்த்துப் போகும் குழந்தை மனம் குன்றி வளரும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டக் கூடாது. அதற்குச் சான்றே இல்லை. ஒன்றரை வயதில் உலகைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு வெளியே பார்க்கும் இருக்கை இன்பமாகவே இருக்கும். வேண்டியபோது திருப்பிக்கொள்ளும் இருக்கை நல்லது, முதல் ஆண்டில் அது முகம் பார்த்தே இருக்கட்டும் என்பதுவரை சான்று தாங்குகிறது. 1889-இல் ரிச்சர்ட்சன் செய்து காட்டியது அதைத்தான்.

கோணமும் திசையும் முடிவான பிறகு, வண்டி குழந்தையை எந்தக் காற்றில் வைக்கிறது என்று பார்க்கலாம். இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் காற்று மாசை ஆராயும் பிரசாந்த் குமாரின் குழு, வண்டியிலிருக்கும் குழந்தை தரையிலிருந்து 55 முதல் 85 செ.மீ. உயரத்தில் மூச்சுவிடுகிறது என்று 2018-இல் சுட்டிக்காட்டியது. வாகனங்களின் புகைக்குழாயும் தரைக்கு அருகிலேயே புகையைக் கக்குகிறது. பிறகு கில்ட்ஃபோர்டு நகரில், குழந்தைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் நேரங்களில் 89 நடைகளில் அளந்தபோது, தள்ளும் பெரியவரைவிட வண்டிக் குழந்தையின் மட்டத்தில் மாசு 44 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. இருக்கை உயரமான வண்டிக்குப் பணம் செலவிட இது ஒரு காரணம். சிக்னலில் பேருந்தின் பின்னால் நிற்காமல் ஓரடி தள்ளி நிற்பதற்கும், நெரிசலான சாலையை விட்டு உள்தெரு வழியே போவதற்கும் இன்னும் நல்ல காரணம். வெயிலிலும் இதே போன்ற ஒரு மறைவான சிக்கல். நிழலுக்காக வண்டிமேல் துணி போர்த்துவது எல்லா ஊர்ப் பெற்றோரும் செய்வது. உலர்ந்த மஸ்லின் துணி போர்த்திய வண்டிக்குள் வெப்பம் 2.6 டிகிரி கூடுவதை சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் அளந்தார்கள். அதே துணியை நனைத்துப் போட்டு, சிறு மின்விசிறியும் வைத்தபோது ஏறத்தாழ ஐந்து டிகிரி குறைந்தது. துணி காயக் காய மறுபடி நனைக்க வேண்டும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊர்களில் நீர் மெதுவாகவே ஆவியாகும் என்பதால் இந்தப் பலன் குறையும்; அங்கே காற்றோட்டத்தைத் தடுக்காத வலைத்துணி மேல்மூடியும் நேரம் பார்த்து வெளியே போவதுமே நம்பத் தகுந்தவை.

சக்கரத்தைப் பற்றிப் பேச வேண்டியது இப்போதுதான். விட்டம் 15 செ.மீ. உள்ள சக்கரம் இரண்டு செ.மீ. மேட்டில் ஏற, அந்தச் சக்கரத்தின் மேலுள்ள எடைக்கு ஏறத்தாழச் சமமான கிடைவிசை வேண்டும். விட்டத்தை 30 செ.மீ. ஆக்கினால், எடையில் பாதிக்குச் சற்று மேல் போதும். மேட்டின் உயரம் சக்கரத்தின் ஆரத்தை எட்டிவிட்டால், எவ்வளவு பலத்தோடு தள்ளினாலும் வண்டி ஏறாது. முன்பக்கத்தை உயர்த்தித்தான் ஏற்ற வேண்டும். இந்திய சாலைக் காங்கிரசின் வழிகாட்டி நடைபாதை விளிம்புக்கு விதிக்கும் உச்ச உயரம் 15 செ.மீ.; விதிப்படி கட்டிய நடைமேடையில்கூட, சரிவு அமைக்காத இடத்தில், வண்டியைத் தூக்கியாக வேண்டும். கைப்பிடியில் தொங்கும் பையும் இதே நெம்புகோல் கணக்குக்கு உட்பட்டது. ஆறு கிலோ வண்டியின் எடைமையம் பின்னச்சுக்கு 20 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். அச்சுக்கு 30 செ.மீ. பின்னே தொங்கும் ஐந்து கிலோ காய்கறிப் பை, குழந்தை உள்ளே இருக்கும்வரை வண்டியைச் சாய்க்காது. குழந்தையைத் தூக்கிய நொடியில் பின்னுக்குக் கவிழ்த்துவிடும். மேட்டில் ஏறும்போது எடைமையம் பின்னுக்கு நகர்வதால், குழந்தை உள்ளே இருக்கும்போதே கவிழலாம். பை இருக்கைக்குக் கீழேயுள்ள கூடையில் போக வேண்டும். அந்தக் கூடை போதிய அளவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, மடிப்பு எத்தனை நொடி எடுக்கிறது என்று பார்ப்பதைவிட முக்கியம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, தூக்கிக்கொண்டு போனால் ஆகாதா என்ற மறுப்பு நம்மிடையே இயல்பாக எழும். அதில் வலுவும் உண்டு. மான்ட்ரியலில் ஹன்ஸிக்கர், பார் என்ற ஆய்வாளர்கள் நடத்தி 1986-இல் வெளியிட்ட சோதனையில், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த ஆறு வாரக் குழந்தைகள் 43 சதவீதம் குறைவாக அழுதன. உடைந்த நடைபாதையும் படிக்கட்டும் நிறைந்த தெருவில் தூக்கிச் செல்வதே அறிவான தேர்வு. ஆனால் பிரசவ அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் தேறாத தாய்க்கும், முதுகுவலியுள்ள தாத்தா பாட்டிக்கும், டொரன்டோவிலோ லண்டனிலோ உறவினர் துணையின்றிக் குழந்தையோடு கடைக்கும் மருத்துவமனைக்கும் போகும் தமிழ்த் தம்பதிக்கும் சக்கரம் ஆடம்பரமல்ல. துணித் தொட்டிலில் மார்போடு கட்டித் தூக்கினாலும் கோணத்தின் விதி மாறுவதில்லை. அதிலும் குழந்தை சுருண்டு மோவாய் மார்பில் படிந்தால் மூச்சு அடையும். முகம் தெரிய வேண்டும், மோவாய்க்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். எந்தச் சாதனமானாலும் பார்க்க வேண்டியது அந்த ஒரே இடம்தான்.

ஆகவே வாங்குபவரின் வரிசை இப்படி அமைய வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குத் தட்டையாகக் கிடக்க வழி இருக்கிறதா? அதன்பின் முகம் பார்த்து அமர முடியுமா? இருக்கை உயரமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கிறதா? நாள்தோறும் போகும் பாதைக்குச் சக்கரம் ஏற்றதா? இவற்றைக் கடந்து எஞ்சுபவற்றுள் எடையும் மடிப்பும் விலையும் தீர்ப்புச் சொல்லட்டும். அதற்குள் பட்டியல் சுருங்கிவிடும். முழுச் சாய்வு உள்ள எளிய வண்டி, கார் சீட்டை மட்டும் பெருமையாக மாட்டும் விலையுயர்ந்த தொகுப்பைத் தோற்கடிப்பதும் அடிக்கடி நேரும். வண்டியைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து வாங்குவதில் குறையில்லை, பிரேக்கும் பூட்டும் பெல்ட்டும் நன்றாக இருந்தால் போதும். கார் சீட்டை மட்டும் விபத்தில் சிக்கியதா என்று தெரியாமல் பிறரிடம் வாங்கக் கூடாது. தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. இன்று கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கும் அந்த எச்சரிக்கையை, சாய்வுக் கோணத்தின் அளவோடு சேர்த்து, விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும். பெற்றோர் தம் வசதியையும் குழந்தையின் மூச்சையும் எதிரெதிரே நிறுத்தித் தேர்ந்தெடுக்கும் நிலை தேவையற்றது. இரண்டுக்கும் இடம் தரும் வண்டிகள் கடையில் இருக்கின்றன. எதை முதலில் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கையில் அவை வந்து சேரும்.